நெருக்கடிக்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்தின் ஓட்டு ஏன் இடம் மாறுகிறது?

கேள்வி: பொருளாதார நெருக்கடி வந்தால் அதிகம் அடிபடுவது ஏழைகள்தானே? அப்படியிருக்க, வீடும் காரும் மாதச் சம்பளமும் உள்ள நடுத்தர மக்கள் ஏன் பாப்புலிசம் பேசும் கட்சிகள் பக்கம் சாய்கிறார்கள்? மொரீஷியஸில் எதிரணி தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்ட 1982-இலும் 2024-இலும் நாம் பார்த்தது அதுதானா?

பதில்:

ஏழைகள் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை வைத்து ஓட்டு எங்கே போகும் என்று சொல்லிவிட முடியாது. நடுத்தரக் குடும்பம் வறுமையில் விழுந்து, அதனால் கட்சி மாறுவது அபூர்வம். பெரும்பாலும் அது மாறுவது அடுத்த கட்டத்தில். நட்டத்தைப் பங்கு பிரிக்கும்போது யார் பெயரில் கணக்கு எழுதினார்கள், யார் பெயரை அடித்துவிட்டார்கள் என்று தெரியவரும் அந்த நேரத்தில்தான் பழைய கட்சி மீதிருந்த பிடிப்பு விட்டுப்போகிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். இலவசம் அறிவிக்கும் கட்சி எல்லாம் பாப்புலிஸ்ட் கட்சி ஆகிவிடாது. 'உழைத்துப் பிழைக்கும் மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கும் மேல்தட்டு மறுபக்கம். நீதிமன்றம், மத்திய வங்கி, நிபுணர்கள் எல்லாரும் மேல்தட்டின் ஆட்கள். மக்களுக்காகப் பேசுவது நாங்கள் மட்டும்தான்' என்ற கதையை அடித்தளமாகக் கொண்ட கட்சியைத்தான் அப்படிச் சொல்கிறேன். அது வலதுசாரியிலும் உண்டு, இடதுசாரியிலும் உண்டு.

எந்த நெருக்கடியும் இதைச் செய்துவிடுமா என்றால், இல்லை. ஃபுங்கே, ஷூலாரிக், ட்ரெபேஷ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 20 நாடுகளில் 1870 முதல் 2014 வரை நடந்த 800-க்கும் மேற்பட்ட தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வங்கிகள் கவிழ்ந்த நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிக் கட்சிகளின் ஓட்டு, அதற்கு முன்னிருந்த அளவைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. சாதாரண மந்தத்துக்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. விளைச்சல் பொய்த்தாலோ, உலகச் சந்தையில் விலை விழுந்தாலோ மக்கள் அதை ஒரு விபத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். வங்கி கவிழ்ந்தால் அதற்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட கைகள் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கைகள் தண்டிக்கப்படாமல் தப்பும்போதுதான் 'மக்கள், மேல்தட்டு' என்ற கதை நம்பும்படி ஆகிவிடுகிறது.

இனி, நடுத்தர வர்க்கம் ஏன் என்பதற்கு வருகிறேன். பெரும் பணக்காரரிடம் பங்கு, வெளிநாட்டுக் கணக்கு என்று இடம் மாற்றக்கூடிய சொத்து இருக்கிறது. ஏழையிடம் இருப்பது அன்றாடக் கூலி. நடுத்தரக் குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் காகிதத்தில் எழுதிய வாக்குறுதிகள்: வங்கியில் சேமிப்பு, இருபத்தைந்து வருட வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ் பாலிசி, ஓய்வூதியம், வருடாவருடம் கொஞ்சம் கூடும் சம்பளம். பிள்ளையின் லெசோனுக்கு (தனி டியூஷனுக்கு) மாதாமாதம் கொடுக்கும் பணம்கூட அப்படித்தான். இன்று செலவழித்தால் பத்து வருடம் கழித்து நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நெருக்கடியில் இந்தக் காகிதங்களில் எது முதலில் கிழிகிறதோ, அதை வைத்தே எந்த நடுத்தரக் குழு முதலில் கிளம்பும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

பணவீக்கம் சேமித்தவரைத் தின்கிறது. ஜெர்மனியில் 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து அரசுப் பத்திரம் வாங்கி வைத்திருந்த ஆசிரியரும் ஓய்வுபெற்ற எழுத்தரும் ஒரே வருடத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். கடன் வாங்கி வீடோ தொழிற்சாலையோ கட்டியவருக்கு அதே நேரத்தில் கடன் கரைந்து போனது. நாணயத்தின் மதிப்பு விழுந்தால் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியவர் அடிபடுகிறார். ஹங்கேரியில் நடந்தது இதுதான். வட்டி குறைவு என்று சுவிஸ் பிராங்கில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். 2008-இல் ஒரு பிராங்க் சுமார் 160 ஃபோரின்ட். 2011-இல் 240-ஐத் தாண்டியது. மாதம் 500 பிராங்க் தவணை என்றால், 80,000 ஃபோரின்ட் கட்டிவந்த குடும்பம் அதே வீட்டுக்கு 1,20,000 கட்ட வேண்டும். சம்பளமோ ஃபோரின்டில், அந்த அளவுக்குக் கூடவில்லை. இந்தக் கடன்கள் எந்த ஊரில் அதிகமோ அந்த ஊரில் தீவிர வலதுசாரி யோபிக் கட்சிக்கு ஓட்டு அதிகமாக ஏறியது. அக்கட்சியின் வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடனால் வந்தது என்று ஒரு விரிவான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

வங்கிக் கணக்கை முடக்கினால் எல்லாரும் ஒரே இரவில் தெருவுக்கு வருவார்கள். அர்ஜென்டினாவில் 2001 டிசம்பர் தொடக்கத்தில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது என்றார்கள். 19-ஆம் தேதி இரவு, அதுவரை ஊர்வலமே போகாத குடும்பங்கள் சமையலறைப் பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனியிலும் தெருவிலும் தட்டின. மறுநாள் ஜனாதிபதி ராஜினாமா. இரண்டு வாரத்துக்குள் ஐந்து ஜனாதிபதிகள். அன்று எழுந்த முழக்கம் 'எல்லாரும் போங்கள்' என்பது. ஆளுங்கட்சியை மட்டும் குறிவைத்த முழக்கமாக அது இருக்கவில்லை. இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

இவை எல்லாம் அடி விழுந்த கட்டம். ஓட்டு மாறுவது, பில் வந்த பிறகு.

அர்ஜென்டினாவில் 2002 தொடக்கத்தில் டாலர் கடன்களை ஒன்றுக்கு ஒன்று என்று பெசோவாக மாற்றினார்கள். டாலர் வைப்புகளை ஒன்றுக்கு 1.40 என்று மாற்றினார்கள். வெளியே டாலரின் விலை அதைவிட எவ்வளவோ ஏறிவிட்டது. பெரிய கடன் வைத்திருந்த கம்பெனிக்கு அது வரம். சேமித்த குடும்பத்துக்கு இழப்பு. ஹங்கேரியில் 2011-இல் அரசு ஒரு சலுகை தந்தது: மொத்தக் கடனையும் ஒரே தவணையில் அடைப்பவருக்கு ஒரு பிராங்க் 180 ஃபோரின்ட் என்று கணக்கு. மொத்தமாக அடைக்கக் கையில் பணம் யாருக்கு இருக்கும்? வசதியானவருக்குத்தான். தவணைக்கே திணறியவர் வெளியே நின்று பார்த்தார். கிரேக்கத்தில் 2011-இல் புதிய சொத்து வரியை மின்கட்டண பில்லோடு சேர்த்து அனுப்பினார்கள்; வரி கட்டாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்று. வெளிநாட்டு வங்கியில் பணம் வைத்தவரைப் பிடிக்க முடியாத அரசு, சொந்தமாக ஒரு ஃபிளாட் வைத்திருந்த ஆசிரியரின் மின்மீட்டரைப் பிடித்துக்கொண்டது. நேர்மையாகக் கணக்குக் காட்டுகிறவரிடம் வசூலிப்பது எளிது என்பதால் அவரிடமே வசூலிக்கிறார்கள். என் கணிப்பில் நடுத்தர வர்க்கத்தின் கோபத்துக்கு இதைவிட ஆழமான வேர் இல்லை.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நெருக்கடிக் காலத்து உதவித் திட்டங்களில் நடுத்தர வர்க்கம் மத்தளம். வங்கியைக் காப்பாற்றும் பணம் மேலே போகிறது, உதவித்தொகை கீழே போகிறது. இரண்டுக்கும் வரி இங்கிருந்து. அமெரிக்காவில் 2009-இல் டீ பார்ட்டி என்ற வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் தீப்பிடித்தது, வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவப் போகிறது என்ற அறிவிப்பின் மீதுதான். ஒழுங்காகத் தவணை கட்டியவரிடம் 'பக்கத்து வீட்டுக்காரரின் கடனை நீங்கள் கட்டுவீர்களா' என்ற கேள்வி போய்ச் சேர்ந்தது. அந்த உதவி நியாயமா இல்லையா என்பது வேறு வாதம். கேள்வி எங்கே தைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் தீவுக்கு வருவோம். 2020 மார்ச் 20-இல் ஊரடங்கு. விமானம் இல்லை, ஹோட்டல் இல்லை; அந்த வருடம் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 15 சதவீதம் சரிந்தது. அரசு சம்பள உதவித் திட்டம் கொண்டுவந்தது. அது பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதில் ஒரு கோடு இருந்தது: மாத அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வரை உள்ளவருக்குத்தான் உதவி, ஏப்ரல் மாதத்துக்குத் தலைக்கு அதிகபட்சம் 25,000. ஹோட்டல் கணக்குப் பிரிவில் 52,000 வாங்கியவருக்காக அவருடைய கம்பெனிக்கு ஒன்றும் வராது. சொந்தத் தொழில் செய்தவருக்கு வேறு திட்டம், மாதம் 5,100. கடை வாடகையும் தையல் மிஷின் தவணையும் அதற்குள் அடங்காது.

அதே வருடம் செப்டம்பரில் பழைய தேசிய ஓய்வூதிய நிதி போய் சி.எஸ்.ஜி. என்ற பொதுச் சமூகப் பங்களிப்பு வந்தது. பழைய முறையில் ஓர் உச்சவரம்பு வரைக்கும்தான் பிடித்தம். கட்டியதற்கு ஏற்பப் பின்னால் ஓய்வூதியம். சி.எஸ்.ஜி.-யில் உச்சவரம்பு இல்லை, கட்டியதற்கும் கிடைப்பதற்கும் தொடர்பும் இல்லை. 50,000 வரை வாங்குபவருக்கு 1.5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம். 50,000 வாங்குபவர் கட்டுவது 750 ரூபாய். சம்பளம் ஒரு ரூபாய் கூடினால் 1,500. இதை ஊரில் பேசும்போது தொகையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 'நான் கட்டியது எனக்கு என்று எழுதியிருந்தது, இப்போது யாருக்கோ போகிறது' என்றுதான் சொல்வார்கள். கிழிந்த காகிதம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

பிறகு வட்டி. மொரீஷியஸ் வங்கியின் அடிப்படை வட்டி 2020 ஏப்ரலில் 1.85 சதவீதமாக இறங்கியது. 2022 டிசம்பரில் 4.5 ஆனது. நம் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியில் இருப்பதால் இது நேரே தவணையில் விழும். 30 லட்சம் ரூபாய் கடன், 25 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 15,800 ரூபாய். அதில் 2.65 சதவீதத்தைக் கூட்டி 6.65 ஆக்கினால் சுமார் 20,500. மாதம் 4,700 ரூபாய் எங்கிருந்தோ வர வேண்டும். இதே காலத்தில் ரூபாயும் இளைத்தது: 2020 தொடக்கத்தில் டாலருக்கு 36 அளவில் இருந்தது, பின்னர் 44-ஐத் தாண்டியது. அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் கப்பலில் வரும் தீவில், அது கடைத்தெருவில் எப்படித் தெரியும் என்று விளக்க வேண்டியதில்லை. குடும்பம் தவணையைத் தவறவிடாது. கார் மாற்றுவதைத் தள்ளிப்போடும், ஒரு பாடத்துக்கு லெசோனை நிறுத்தும். வெளியே யாருக்கும் தெரியாது. வறுமைக் கணக்கெடுப்பில் இது வராது. தேர்தலில் வரும்.

பணத்தைத் தாண்டிய ஒன்றும் உண்டு. அதைப் பலர் பொறாமை என்று தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. குறைந்தபட்சச் சம்பளம் 2018 ஜனவரியில் 8,140 ரூபாய். 2024 ஜனவரியில் 16,500. தோட்டத்திலும் ஆலையிலும் உழைப்பவர்களுக்கு இது நியாயமாக, தாமதமாகக் கிடைத்தது. ஆனால் மூன்று வருடம் படித்து, பத்து வருடம் அனுபவம் சேர்த்து, குறைந்தபட்சத்தைப் போல் இரண்டு மடங்கு வாங்கிய தனியார் துறை எழுத்தரின் சம்பளம் அதே வேகத்தில் இரட்டிக்கவில்லை. அவர் ஏறிய படிகள் காலடியில் மறைந்தன. அரசே இதை ஒப்புக்கொண்டு 2024-இல் 'ரிலேட்டிவிட்டி' என்று சம்பள இடைவெளியைச் சரிசெய்ய ஒழுங்குவிதி கொண்டுவந்தது; அதற்கும் கோடு 50,000-இல்தான். தேர்தலுக்குப் பிறகு அந்த வருடக் கடைசியில் சட்டமான பதினான்காம் மாத போனஸுக்கும் அதே கோடு. நாலு வருடமாக ஒரே கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்படும் குடும்பம், தன்னை நாட்டின் கணக்கில் 'கட்டுபவர்' என்ற ஒரே பத்தியில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கத்தானே செய்யும்?

நடுத்தர வர்க்கம் ஒரே பொருளும் அல்ல. அரசு ஊழியருக்குச் சம்பளத்தைத் திருத்தும் பி.ஆர்.பி. அறிக்கை இருக்கிறது, வேலை நிலையானது. தனியார் துறையில் அதே படிப்பு, அதே வயது உள்ளவருக்கு இரண்டும் இல்லை. நெருக்கடியில் இந்த இரண்டு வீடுகளும் ஒரே தெருவில் இருந்துகொண்டு வேறு வேறு நாட்டில் வாழ்கின்றன. ஜெர்மனியிலும் 1930-களில் இது நடந்தது. வேலை இழந்தவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள். வேலை இழக்காத, ஆனால் இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய சிறுகடைக்காரரும் கைவினைஞரும் சிறு விவசாயியும் நாஜிகள் பக்கம் போனார்கள். அடி விழுந்தவர் கேட்பது உதவி. அடி விழப்போகிறது என்று பயப்படுகிறவர் கேட்பது ஒழுங்கு, காவல், குற்றவாளியின் பெயர்.

ஏன் வழக்கமான எதிர்க்கட்சிக்கே ஓட்டைப் போடக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. முதல் தேர்தலில் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். பிறகு அந்தக் கட்சியும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறது. கிரேக்கத்தில் 2009-இல் பாசோக் என்ற சோஷலிசக் கட்சி 43.9 சதவீதம் வாங்கியது. கடன் ஒப்பந்தத்தில் அது கையெழுத்திட்டது, அடுத்து பரம எதிரியான கட்சியும் சேர்ந்து கையெழுத்திட்டது. 2012 மே மாதம் பாசோக் 13.2; 2015 ஜனவரியில் 4.7. அந்த இடைவெளியில்தான் இடதுசாரிப் பாப்புலிஸ்ட் கட்சியான சிரிசா 36.3 சதவீதத்துடன் ஆட்சிக்கு வந்தது. ஜெர்மனியில் இடைநிலை ஒன்று இருந்தது: சேமிப்பை இழந்தவர்கள் முதலில் தங்களுக்கென்று சிறு கட்சிகளை நாடினார்கள். நடுத்தர வர்க்கத்துக்கென்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு கட்சி 1928-இல் 4.5 சதவீதம் வாங்கியது. அந்த வருடம் நாஜிகளுக்கு 2.6 மட்டுமே. பிறகு பிரதமர் ப்ரூனிங்கின் அரசு அவசரச் சட்டம் மேல் அவசரச் சட்டமாகப் போட்டு ஊழியர் சம்பளத்தை வெட்டியது, 1931 ஜூலையில் டானட் வங்கி கவிழ்ந்தது. நாஜிகளின் ஓட்டு 1930-இல் 18.3 ஆகவும், 1932 ஜூலையில் 37.3 ஆகவும் ஏறியது. சிக்கன நடவடிக்கை கடுமையாக விழுந்த மாவட்டங்களில் அந்த ஓட்டு அதிகம் ஏறியது என்று பின்னாளைய ஆய்வு காட்டியிருக்கிறது. 1923-இன் பணவீக்கத்துக்கும் நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-க்கும் நடுவே பத்து வருடம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பழைய கட்சியை விட்டு வெளியே வருவது ஒரு நிகழ்வு, புதிய கட்சியிடம் போவது இன்னொரு நிகழ்வு.

நம் 1982-உம் இதே அச்சில் வார்த்ததுதான், ஆனால் வேறு நிறத்தில். 1974, 1975-இல் சர்க்கரை விலை உச்சத்தில் இருந்தது. அந்தப் பணத்தில் சம்பளங்கள் கூடின, 1977-இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. பிறகு விலை விழுந்தது. சர்வதேச நாணய நிதியம் வந்தது. 1979-இலும் 1981-இலும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 1980-இல் விலைவாசி 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பள்ளியை முடித்துச் சான்றிதழோடு நின்ற பிள்ளைகளுக்கு வேலை இல்லை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, 'படித்தால் மேலே வரலாம்' என்று அரசே கொடுத்த வாக்கை நம்பிப் படித்தவர். வாக்குரிமை வயது 1976 தேர்தலுக்கு முன்பே 18 ஆகியிருந்தது. இன வேறுபாட்டின் இடத்தில் வர்க்கப் போராட்டம் என்று பேசிய எம்.எம்.எம். என்ற இடதுசாரிக் கட்சி, பி.எஸ்.எம். என்ற சோஷலிசக் கட்சியுடன் கூட்டணி சேர்ந்து 1982 ஜூனில் தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டது. சுதந்திரத்தின் தலைவர் சிவசாகர் ராம்கூலமே தன் தொகுதியில் தோற்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 60-0 என்ற எண்ணைப் பார்த்து மக்கள் எல்லாரும் ஒரு பக்கம் புரண்டுவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர், ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. இந்த முறையில் ஆறு பேரில் நாலு பேர்கூட வேண்டியதில்லை, ஒரு கூட்டணி எல்லா இடத்தையும் பிடித்துவிடலாம். 2024 நவம்பரில் வென்ற கூட்டணிக்குக் கிடைத்த ஓட்டு 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதுதான். இடமோ தீவின் 60-உம். மேலும் எல்லா 60-0-உம் பொருளாதாரத்தால் வந்ததில்லை. 1995-இன் 60-0-க்கு முன்னால் நின்ற பிரச்சினை, ஆறாம் வகுப்புத் தேர்வின் தர வரிசையில் தமிழ் உள்ளிட்ட கீழை மொழிகளின் மதிப்பெண்ணைச் சேர்ப்பதா என்பது. 2024-இலும் விலைவாசியோடு தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகளும், சமூக ஊடகங்களை முடக்கப் பார்த்துப் பின்வாங்கிய அந்த ஒரு நாளும் சேர்ந்திருந்தன. ஆகவே 1982-க்கு 'ஆம், பெரும்பாலும்' என்பேன். 2024-க்கு 'பாதி' என்பேன்.

ஐரோப்பாவில் போல இங்கே ஏன் ஒரு தனி பாப்புலிஸ்ட் கட்சி எழவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 'மக்கள்' என்று ஒருமையில் சொல்ல இங்கே ஒரு மக்கள் இல்லை. சிறந்த தோல்வியாளர் முறைக்காக (தோற்ற வேட்பாளர் சிலருக்குச் சமூகவாரியாக இடம் தரும் ஏற்பாடு) அரசியல் சட்டமே நம்மை நான்கு சமூகங்களாகப் பிரிக்கிறது. தமிழர்கள் அங்கே இந்து என்ற பத்திக்குள் போகிறார்கள். 1998-இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழுக்கு இருந்த இரண்டாம் இடத்தை மாற்றி இந்திக்குக் கீழே வைத்தபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், 'உண்மையான மக்கள் நாங்கள்தான்' என்று ஒரு கட்சி கிளம்பினால் மற்ற எல்லாரும் எப்படி எதிரே நிற்பார்கள் என்பது புரியும். (இன்றும் நம் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன, உலகில் வேறு எத்தனை நாட்டில் இதைப் பார்க்க முடியும்?) அதனால் நம் ஊரில் பாப்புலிசம் ஒரு கட்சியாக வரவில்லை. எல்லாக் கட்சிகளுக்குள்ளும் வாக்குறுதியாக நுழைந்தது. எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான, 2025 வரை அறுபது வயதானால் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே தொகையாகக் கிடைத்துவந்த ஒரு பொருள் உண்டு: பான்சியோன், அதாவது முதியோர் ஓய்வூதியம்.

2004-இல் வசதி பார்த்துத்தான் முதியோர் ஓய்வூதியம் என்று அன்றைய அரசு மாற்றியது. 2005 தேர்தலில் அந்த அரசு தோற்றது, மாற்றமும் நீங்கியது. 2014 தேர்தலில் 3,623 ரூபாயை 5,000 ஆக்குவோம் என்ற கூட்டணி, ரொட்ரிக்ஸ் தீவின் இரண்டையும் சேர்த்த 62 இடங்களில் 47 பிடித்தது. 2019-இல் அது ஆட்சிக்காலம் முடிவதற்குள் 13,500 என்ற வாக்குறுதியாக வளர்ந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் இருந்த ஈர்ப்பு, வருமானக் கோடு எதுவும் இல்லாத திட்டம் இது என்பதுதான்.

இந்த வாக்குறுதிகளில் எங்கே பிசகுகிறது? வாக்குறுதி ரூபாயில், அதன் செலவு ஆயுட்காலத்தில். மக்கள்தொகை மூப்படையும் தீவில் ஒவ்வொரு வருடமும் வாங்குபவர் கூடுகிறார், கட்டுபவர் குறைகிறார். ஆட்சிக்கு வந்தவர் முதல் வருடத்திலேயே கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் திசை மாறுகிறார். 1982-இல் வந்த அரசின் நிதியமைச்சர் பால் பெரஞ்சே, பழைய அரசு நிதியத்தோடு போட்ட பாதையிலேயே போக வேண்டியதாயிற்று. 1983 மார்ச்சில் கூட்டணி உடைந்தது, ஆகஸ்டில் மறுதேர்தல். உடைவுக்கு மொழி, தலைமைப் போட்டி என்று வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் சிக்கனம் முன்வரிசையில் இருந்தது. 2024-இல் 60 இடம் வென்ற அரசு 2025 ஜூன் பட்ஜெட்டில் ஓய்வூதிய வயதை 60-இலிருந்து படிப்படியாக 65-க்கு உயர்த்துவதாக அறிவித்தது. தேர்தலுக்கு முன் இது யாருக்கும் சொல்லப்படவில்லை. பொருளியல் வாதம் அதற்கு இருக்கலாம். எனக்கும் அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் கையிலிருந்த கடைசிக் காகிதமும் அதோடு கிழிந்தது என்பதை அந்த அறிவிப்பை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த தேர்தல் அறிக்கை கையில் வரும்போது ஓய்வூதியம், போனஸ், இலவசப் போக்குவரத்து என்ற எண்களை முதலில் பார்க்காதீர்கள். கோடு எங்கே போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு ரூபாய் மேலே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பணம் எங்கிருந்து என்பதற்கு 'ஊழலை ஒழித்து' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் செலவை அடுத்த மூன்று வருடத்தில் வட்டியாகவோ ரூபாயின் மதிப்பாகவோ நீங்கள்தான் கட்டுவீர்கள். வருடச் செலவைக் கோடியில் சொல்லியிருக்கிறார்களா, இல்லை தலைக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். தணிக்கையாளர், மத்திய வங்கி, நீதிமன்றம் ஆகியவற்றை 'மக்களின் எதிரி' என்று அறிக்கையில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஹங்கேரியில் 2010-இல் மூன்றில் இரண்டு பங்கு இடம் பெற்ற கட்சி, அடுத்த வருடமே புதிய அரசியல் சட்டம் எழுதியது. வீட்டுக் கடனுக்குத் தீர்வு வேண்டும் என்று ஓட்டுப் போட்டவருக்கு அந்தத் தீர்வு 2014 கடைசியில்தான் முழுமையாக வந்தது, கடன்கள் எல்லாவற்றையும் ஃபோரின்டுக்கு மாற்றியபோது. அதற்குள் நீதிமன்றத்தின் அதிகாரம் சுருங்கிவிட்டிருந்தது.